நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

(சிவகாசியில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஒரு மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் இருக்கிற சிலருடைய விரல் இடுக்கில் அலுமினியப் பொடி இன்னும் மினுங்குகிறது. களைத்து வந்திருக்கிறீர்கள். அதனால் ஊர்ப்பட்ட நோய்களைப் பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. ஒரே ஒரு மாத்திரையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மருந்துக் கடையில் நீங்கள் "சார்பிட்ரேட்" என்று கேட்கிற மாத்திரை அது. ஐசோசார்பைடு டைநைட்ரேட் என்பது மருந்தின் பெயர். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பெரும்பாலும் 5 மில்லிகிராம், நெற்றிப் பொட்டு அளவுக்குத்தான் இருக்கும். டாக்டர் சீட்டு எழுதினால்தான் கொடுக்கவேண்டிய மருந்து. ஆனால் இந்தப் பக்கத்தில் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு எழுதிக் கொடுத்ததை எதிர்வீட்டு மயினி வாங்கி வைத்திருப்பார். அவரிடமிருந்து இரண்டு மாத்திரை கிள்ளிக்கொண்டு போய் இன்னொருவர் சட்டைப்பையில் வைத்திருப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாராவது உட்கார்ந்தால் உடனே, "நாக்குக்கடியில ஒண்ண வை" என்று நாலு குரல் வரும். யாருக்கு, என்ன வலிக்கு, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்கு என்று ஒரு குரலும் கேட்காது.

வலி என்ன வலி என்று முதலில் பார்ப்போம். 1768இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இதை விவரித்துப் பேசினார். நடக்கும்போது, அதிலும் சாப்பிட்டுவிட்டு மேட்டில் ஏறும்போது, நெஞ்சை நெரிக்கிற மாதிரி வரும், நின்றால் போய்விடும். இருநூற்றைம்பது ஆண்டு கழித்தும் அந்த விவரணையில் பெரிதாகத் திருத்த எதுவும் இல்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பட்டாசுப் பெட்டியைத் தூக்கி லாரியில் அடுக்கும்போது வரும். இரண்டு குடம் தண்ணீரோடு மாடிப்படி ஏறும்போது வரும். நெஞ்சு நடுவில் பாரம், இடது கை, தாடை, சில சமயம் முதுகு. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தணியும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் சுருங்கியிருப்பதால், வேலை கூடும்போது தேவைக்கு ரத்தம் போதவில்லை. இதுதான் ஆஞ்சைனா.

மாரடைப்பு வேறு. அங்கே குழாய்க்குள் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் வலி போகாது, வியர்த்துக் கொட்டும், குமட்டும். நிமிடத்துக்கு நிமிடம் தசை செத்துக்கொண்டிருக்கும். இன்றைக்கு நான் பேசவந்த மாத்திரை முதல் வலிக்கு நல்ல மருந்து. இரண்டாவதுக்கு அது மருந்தே இல்லை. நம் ஊரில் உயிர்ச்சேதம் நடப்பது இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

இந்த மருந்து சேர்ந்த நைட்ரேட் குடும்பத்தின் பூர்வீகம் வெடி. சிவகாசியில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1847இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் கிளிசரினை அமிலங்களோடு சேர்த்து நைட்ரோகிளிசரினைச் செய்தார். அந்தக் காலத்து வழக்கப்படி நாக்கில் துளி வைத்துப் பார்த்தார். மண்டை பிளக்கிற தலைவலி. குலுக்கினாலே வெடிக்கிற அந்த எண்ணெயை ஆல்பிரட் நோபல் ஒருவகை மண்ணில் ஊறவைத்து, 1867இல் டைனமைட் என்று காப்புரிமை வாங்கினார். அதற்கு மூன்று வருடம் முன்பு அந்த எண்ணெய் வெடித்துத்தான் அவருடைய தம்பி எமில் இறந்திருந்தார்.

சொப்ரேரோவின் தலைவலிக்குக் காரணம் ரத்தக்குழாய் விரிவது. குழாயை விரிக்கிற பொருள் நெஞ்சுவலிக்கு உதவாதா என்று யோசித்தவர் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் இருந்த வில்லியம் மரல். நூற்றில் ஒரு பங்காக நீர்த்த கரைசலைத் தானே நாக்கில் தொட்டுப் பார்த்தார். கையில் இருந்த பேனா ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் துள்ளியதாக எழுதி வைத்திருக்கிறார். பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து, 1879இல் முடிவுகளை வெளியிட்டார். கடைசியில் நோபலுக்கே இதயநோய் வந்து, 1896இல் டாக்டர்கள் அவருக்கு எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின். விதியின் கேலியைப் பாருங்கள் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார் மனிதர்.

நம் பட்டாசில் இருப்பது நைட்ரோகிளிசரின் அல்ல. பொட்டாசியம் நைட்ரேட் என்கிற வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, கரி, இப்படிப் போகிறது அந்தக் கணக்கு. "நாங்க அந்த நைட்ரேட்டுலதானே டாக்டர் பொழைக்கிறோம், எங்க நெஞ்சுக்கு நல்லதுதானே?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். இல்லை அய்யா. பெயரில் நைட்ரேட் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. வெடியுப்பைச் சுவாசிப்பதால் இதயத்துக்கு எந்த நன்மையும் கிடையாது. மாத்திரை வெடிக்குமா என்றும் கேட்கிறார்கள். வெடிக்காது. சில மில்லிகிராம் மருந்தை மாவுப் பொருளில் கலந்து அழுத்தியது அது.

ஆனால் டைனமைட் ஆலைகளில் வேலை செய்த ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிலாளிகளிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போனால் அவர்களுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். செவ்வாய், புதன் ஆனால் பழகிவிடும். ஞாயிறு லீவு முடிந்து திங்கள் மறுபடி வலிக்கும். இதற்கே "திங்கட்கிழமை நோய்" என்று பெயர் வந்தது. லீவு நாளில் வலி வராமலிருக்கத் தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டாம். இன்னும் மோசம், சிலருக்கு லீவு நாளிலோ திங்கள் காலையிலோ நெஞ்சுவலியே வந்தது. திடீரென்று இறந்தவர்களும் இருந்தார்கள். இதில் இரண்டு பாடம். தொடர்ந்து உடம்பில் இருந்தால் நைட்ரேட் மதிப்பிழந்துபோகும். பழகிய பிறகு சட்டென்று நிறுத்தினால் குழாய் பழிவாங்கும்.

ஆகவே, தினசரி நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டாக்டர் காலையும் மதியமும் என்று எழுதி, ராத்திரியை வெறுமனே விட்டிருந்தால் அது மறதி அல்ல. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உடம்பில் மருந்து இல்லாமல் இருந்தால்தான் மறுநாள் அது வேலை செய்யும். "மூணு வேளையும் போட்டா இன்னும் நல்லதுதானே" என்று நீங்களாக மூன்றாவது வேளை சேர்க்காதீர்கள். தீபாவளி முடிந்து ஆலை மூடியிருக்கும் நாட்களில் "இப்ப வேலையில்லை, வலியும் இல்லை" என்று நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

இதே குடும்பத்தில், மெதுவாகக் கரைகிற மோனோநைட்ரேட் மாத்திரை காலையில் முழுசாக விழுங்கவேண்டியது. அவசரத்துக்கு அதை நாக்குக்கடியில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. நாக்குக்கடி மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கினாலோ, வயிற்றிலிருந்து ஈரலுக்குப் போய் முக்கால்வாசி அங்கேயே காலியாகிவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன்.

சரி, வலி வந்துவிட்டது. என்ன செய்வது? செய்கிற வேலையை நிறுத்துங்கள். உட்காருங்கள். நின்றுகொண்டு இந்த மாத்திரையைப் போடவே கூடாது. இந்த மருந்து உடம்பிலுள்ள சிரைகளைத் தளர்த்துகிறது. ரத்தம் கால் பக்கம் தங்குகிறது. இதயத்துக்குத் திரும்பிவரும் ரத்தம் குறைகிறது. தலைச்சுமையில் பாதியை இறக்கி வைத்த மாதிரி இதயத்துக்கு வேலை குறைகிறது, வலி தணிகிறது. அதே காரணத்தால் ரத்த அழுத்தமும் இறங்குகிறது. நிற்கிற ஆள் கண் இருட்டி விழுந்துவிடுவார். நெஞ்சுவலிக்கு மாத்திரை போட்டு, விழுந்து, மண்டை உடைந்து வருகிறவர்கள் உண்டு.

உட்கார்ந்து, ஒரு மாத்திரையை நாக்குக்கடியில் வையுங்கள். வாய் வறண்டிருந்தால் முதலில் ஒரு மடக்குத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். கரையும் வரை பேசவேண்டாம், எச்சிலை விழுங்கவேண்டாம். மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள். வண்டி வருவதற்குள், உங்கள் டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தால், தலைசுற்றல் இல்லாவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு போடலாம். மூன்றுக்கு மேல் கிடையாது. தலை வலிக்கும், முகம் சூடாகும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், பயப்படவேண்டாம். மயக்கம் வந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள்.

இதற்கு முன் நெஞ்சுவலியே வந்திராத ஆளுக்கு முதல்முறையாக வலி வந்தால், மாத்திரை ஆராய்ச்சியே வேண்டாம். நேரே 108.

மாரடைப்புக்கு ஏன் இது மருந்தல்ல என்று அழுத்திச் சொல்கிறேன்? ரத்தக்கட்டியை இது தொடுவதில்லை. 1995இல் வெளியான ஐசிஸ்-4 என்ற ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 58,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார்கள். நைட்ரேட் மாத்திரை இறப்பைச் சொல்லும்படியாகக் குறைக்கவில்லை. அதற்கு முன் 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில், 17,000க்கும் மேற்பட்டவர்களிடம், சாதாரண ஆஸ்பிரின் இறப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. சட்டைப்பையில் மருந்து வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் இருக்கிறவர்கள் இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

தமிழக அரசு 2023 ஜூனில் "இதயம் காப்போம்" திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும், மாரடைப்பு என்று தெரிந்தால் மேலிடத்துக்கு அனுப்புவதற்கு முன்பே 14 மாத்திரை கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. எண்ணிப் பார்த்தீர்களா? அந்தப் பதினான்கில் நாக்குக்கடி மாத்திரை ஒன்றுகூட இல்லை. 2024 ஜனவரியில் கான்பூரிலிருந்து ஏழு ரூபாய் இதய மருந்துப் பொட்டலம் ஒன்று வாட்ஸ்அப்பில் நாடெல்லாம் சுற்றியது. அதில் ஆஸ்பிரினோடு சார்பிட்ரேட்டும் இருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனாலும் ரத்த அழுத்தம் பார்க்க ஆள் இல்லாத வீட்டில், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கச் சொல்லி நைட்ரேட்டை வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. இதயத்தின் வலது பக்கத்தைத் தாக்குகிற மாரடைப்பு ஒன்று உண்டு. அதில் இந்த மாத்திரையைப் போட்டால் அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கும். அது எந்த வகை என்று இசிஜி சொல்லும். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்லமுடியாது. இதய வால்வு சுருங்கியிருப்பவர்களுக்கும் இதே ஆபத்து.

வீட்டில் இருந்தபடி செய்யக்கூடியது, 108இல் பேசுகிறவரிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பிரின் 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் செய்வது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு இருந்தவர்கள் தவிர.

அடுத்தது ஆண்களுக்கு. யாரும் நெளியவேண்டாம். சில்டெனாபில், தடாலாபில் என்று ஆண்மைக்கென விற்கும் மாத்திரைகள் சீட்டில்லாமலே கை மாறுகின்றன. அதைப் போட்டவர் நாக்குக்கடி மாத்திரையும் போட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். சில்டெனாபில் போட்டு 24 மணி நேரம், தடாலாபில் போட்டு 48 மணி நேரம் நைட்ரேட் கூடவே கூடாது. சில்டெனாபில் தொடக்கத்தில் ஆஞ்சைனாவுக்கு மருந்தாகச் சோதிக்கப்பட்டதுதான்; அந்த வேலையில் தோற்று, வேறு வேலையில் பேர் வாங்கியது. 'மூலிகை' என்று விற்கும் வீரிய லேகியங்களில் இதே பொருளைக் கலந்திருப்பது பல நாடுகளின் ஆய்வகங்களில் பிடிபட்டிருக்கிறது. ஆகவே லேகியம் என்றாலும் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர் தனியாகக் கேட்டால் மறைக்காதீர்கள். மனைவி எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவரை ஒரு நிமிடம் வெளியே அனுப்பச் சொல்லுங்கள், அவர்கள் அனுப்புவார்கள். பெரியவர்கள் சிறுநீர் அடைப்புக்குச் சாப்பிடும் டாம்சுலோசின், பிரஷர் மாத்திரை, சாயங்காலத்துச் சாராயம் இவையும் அழுத்தத்தை இறக்குபவைதான். எல்லாம் ஒரே உடம்பில் கூடும்போது என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

பெண்களுக்கு வேறு பிரச்சினை. அவர்களில் பலர் வலியை வலி என்று சொல்வதில்லை. ஒரு அம்மா, பட்டாசுச் சரம் பின்னுகிற வேலை, சர்க்கரை நோய் உண்டு. மகனோடு வந்தார். "ரெண்டு நாளா கேஸு டாக்டர், மேல்வயிறு அமுக்குது. சோடா குடிச்சேன், ஏப்பம் வந்துச்சு, கொஞ்சம் தேவல. அக்கா ஒரு மாத்திரை குடுத்தா, அதுலயும் கேட்டுச்சு." இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து காட்டினார். வெற்றிலை, பாக்கு, நாலைந்து சில்லறை, ஓரத்தில் பிய்ந்த அட்டைத் துண்டில் இரண்டு மாத்திரை. வெற்றிலைச் சுண்ணாம்பு அட்டையில் ஒட்டியிருந்தது. காலாவதித் தேதி இருந்த பக்கம் கிழித்து எடுத்தவரோடு போய்விட்டது. இசிஜி எடுத்தால் மாரடைப்பு.

காளிமார்க் குளிர்பானக் கம்பெனி 1916இல் தொடங்கிய விருதுநகர் ஜில்லாவில் நின்றுகொண்டு சோடாவைப் பழிக்க நான் தயாரில்லை. தாகத்துக்குக் குடியுங்கள். ஆனால் ஏப்பம் வந்ததாலோ, நாக்குக்கடி மாத்திரையில் வலி கேட்டதாலோ நோய் இன்னதென்று முடிவு கட்டமுடியாது. உணவுக்குழாய் இறுக்கமும் இந்த மாத்திரையில் தளரும். மாரடைப்பு வலியும் சிறிது நேரம் மட்டுப்படும். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சில் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாக, களைப்பாக, வியர்வையாக மட்டும் வரலாம். நாற்பது தாண்டியவருக்கு வழக்கமில்லாத 'கேஸ்' வந்தால் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். சிவகாசி அரசு மருத்துவமனையில் எடுக்கலாம், இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அவர்களுடைய மருத்துவமனையில் எடுக்கலாம். 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனை வரை போகவேண்டுமா என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்து அவர்கள் சொல்வார்கள்.

மாத்திரையை வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இது வெயில் ஊர். தகரக் கூரைக்குக் கீழே, அடுப்படி அலமாரியில், வண்டிப் பெட்டிக்குள் வைத்த மாத்திரையை நம்பாதீர்கள். அட்டையைத் துண்டு போடாமல், தேதி தெரியும்படி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். குப்பியில் வரும் நைட்ரோகிளிசரின் மாத்திரை இன்னும் செல்லப்பிள்ளை. அதை வந்த கண்ணாடிக் குப்பியிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது.

இனி ஆலைக்குள் வருவோம். வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பக்கத்து ஆலைகளில் சித்திரை வெயிலில் வேலை செய்கிற உடம்பில் ஏற்கனவே நீர் வற்றியிருக்கும், அழுத்தம் தாழ்ந்திருக்கும். அதன்மேல் நைட்ரேட் விழுந்தால் மயக்கம் சுலபமாக வரும். வெடிமருந்து கலக்கிற அறையிலோ, குழாயில் அதைச் செலுத்துகிற அறையிலோ ஒருவர் மயங்கிச் சரிந்தால் அது அவரோடு முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. அந்த அறையில் இருக்கும்போது வலி வந்தால் கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து ஆளைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வேப்பமர நிழலில் உட்கார்ந்த பிறகு மாத்திரை. ஆஞ்சைனா இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஃபோர்மேனிடம் சொல்லி, கலவை அறை வேலையிலிருந்து மாற்றிக் கேளுங்கள். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம் இருக்கும். அந்தப் பயத்தைப் போக்கவேண்டிய பொறுப்பு முதலாளிகளுடையது.

ஆலை உரிமையாளர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு ஆள் என்பது 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. உங்கள் ஆலையில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறீர்கள். அது சரியான ஏற்பாடு. அப்படியானால் உள்ளே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் வாசலுக்கு ஓடி 108ஐ அழைக்கப்போவது யார், அறைகளுக்கு அருகே வண்டி வரமுடியாத இடத்திலிருந்து நோயாளியை எதில் வைத்துத் தூக்கி வருவது என்று இப்போதே பேசி முடிவு செய்து வையுங்கள். அவரை நடக்கவைத்துக் கூட்டி வரக்கூடாது. வாசல் அறையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும், ஆஸ்பிரினும், ஸ்ட்ரெச்சரும், அதைக் கையாளத் தெரிந்த இரண்டு பேரும் இருக்கட்டும். நாக்குக்கடி மாத்திரையைப் பொதுப் பெட்டியில் வைத்து எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். யாருக்கு டாக்டர் எழுதினாரோ அவர் பெயர் எழுதிய உறையில், அவருக்கு மட்டும். வருகிற தீபாவளி சீசனுக்கு ஆட்களை எடுப்பதற்கு முன் இதைச் செய்து முடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.